கால்மாட்டில் ஈரமணல்

பெயர் பரசுராமன். தகப்பனார் காலஞ்சென்ற கோதண்டம். வயது முப்பத்திரண்டு. துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கூட்டத்தில் கொக்கி மாட்டுகிற வேலை. இருப்பிடம் தண்டையார்பேட்டை, ரயில் பாதைக்குக் கிழக்கே உப்புக்கிடங்குச் சந்து. எழுதப் படிக்கத் தெரியும்.

என் தாயார் தாயம்மா கடலில் இறந்துபோனது சம்பந்தமாக சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் விசாரிக்க, நான் நல்ல நினைவோடும் யாருடைய தூண்டுதலும் இல்லாமலும் சொல்லிக்கொள்வது என்னவென்றால், பெண்டாட்டியையும் பிள்ளையையும் காப்பாற்றிக்கொள்ளப் பெற்ற தாயைக் கடலுக்குக் காவு கொடுத்தேன் என்று எங்கள் சந்தில் பேச்சு உலாவுகிறது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் அந்தப் பேச்சு இந்த ஸ்டேஷன் வரைக்கும் வந்துவிட்டதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

எனக்கும் கெங்கம்மாவுக்கும் கல்யாணம் ஆனபோது நாங்கள் காசிமேட்டுக்கு வடக்கே கடலோரத்தில் சொந்த வீட்டில் இருந்தோம். வீட்டின் பின்னால் ஒரு செங்கல் கிணறு. அவ்வளவு உப்பு மண்ணிலும் குடிக்கிற தண்ணீர் ஊறும் கிணறு என்று என் தாயாருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. எங்கள் முதல் பெண் பூங்காவனம் அந்த வீட்டில்தான் பிறந்தது. அப்போது விழுந்த நஞ்சுக்கொடியை வழக்கப்படி புதுச் சட்டியில் வைத்து மஞ்சளும் நெல்லும் போட்டுக் கிணற்றடியில் புதைத்தவர் என் தாயார். பூங்காவனம் நடை பழகுவதற்குள் காய்ச்சலில் போய்விட்டது. அதற்கு அடுத்த மழைக்காலத்தில் கடல் ஏறி வந்து எங்கள் வரிசை வீடுகளை முழுக்க எடுத்துக்கொண்டது. அதன் பிறகு நாங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு தண்டையார்பேட்டைக்கு வந்து குடியேறினோம். கிணறு மட்டும் போகவில்லை. சுற்றியிருந்த மணலெல்லாம் அரித்துப்போய், செங்கல் சுவர் மட்டும் அலைக்குள் நிற்கிறது. தண்ணீர் உள்வாங்குகிற நேரத்தில் கரையிலிருந்து பார்த்தால் இன்றைக்கும் தெரியும்.

இந்த வருஷம் கெங்கம்மா மறுபடியும் உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் நடக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள், "இன்னாது இது, காலாண்ட ஈரமா கீது" என்று குனிந்து பார்த்தாள். தரையில் ரத்தம். எங்காவது வெட்டுப்பட்டதா என்று பார்த்தால் காயம் இல்லை. வயிறு வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றாள். ரத்தம் அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்க, அவள் கையில் இருந்த கரண்டியோடு, "கொயம்பு ஊத்தட்டா?" என்று என்னைக் கேட்டாள். கப்பலடியில் ஆள் நசுங்கிச் செத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கெல்லாம் நடுங்காதவன் அந்தக் கேள்விக்கு நடுங்கிப்போனேன்.

அதன் பிறகு கைரிக்ஷா பிடித்து, கடற்கரைப் பக்கம் இருக்கிற பிரசவ ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்தேன். அங்கே பெரிய டாக்டரம்மா பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "குழந்தை வர்ற வாசலை மறைச்சுக்கிட்டு நஞ்சு முன்னால வந்து உக்காந்திருக்கு. குழந்தை அதுக்குப் பின்னால மாட்டிக்கிட்டிருக்கு" என்றார். அப்படியானால் இப்போதே அறுத்து எடுத்துவிடலாமே என்று கேட்டேன். இப்போது எடுத்தால் குழந்தை தங்காது, நாள் தள்ளத் தள்ளக் குழந்தைக்கு லாபம், ஆனால் நாள் தள்ளத் தள்ளத் தாய்க்கு ஆபத்து, ரத்தம் தானாக நிற்கும், தானாக வரும், ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிகமாக வரலாம், ஒரேயடியாகக் கொட்டினால் அந்த நிமிஷமே அறுக்க வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னார். அதுவரை அவள் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது. உள்ளே கைவிட்டுப் பார்க்க எந்த மருத்துவச்சியையும் விடக்கூடாது, விரல் பட்டாலே கிழிந்து கொட்டிவிடும் என்றார். ரத்தம் கொடுக்க ஆள் தயாராக வைத்துக்கொள்ளச் சொன்னார். அதன் பிறகு கெங்கம்மாவின் கட்டிலுக்குக் கால்மாட்டில் மரக்கட்டைகள் வைத்து, கால் மேலேயும் தலை கீழேயுமாகப் படுக்க வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து, டாக்டரம்மா சொன்னதை என் தாயாரிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அப்படிச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. நஞ்சு வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்றதும் அவர் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "அது இந்தப் புள்ளயோட நஞ்சு இல்ல நைனா. பூங்காவனத்தோடது. நான் பொதச்சப்போ மேல கல்லு வெக்கல. கடலு தோண்டி வுட்டுருச்சி. எடம் இல்லாம திரிஞ்சிட்டு இப்போ பெத்தவளாண்டயே வந்து ஒக்காந்துகினு கீது" என்றார். நாய் தோண்டாமல் இருக்கக் குழியின்மேல் கல் வைப்பது எங்கள் ஜனங்களின் வழக்கம். அன்றைய அவசரத்தில் அது விட்டுப்போனது இத்தனை வருஷமாக அவர் மனதில் கிடந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. நான் சத்தம் போட்டேன். "டாக்டரம்மா இங்கிலீஷ்ல படிச்சதைத் தமிழ்ல சொன்னா, அதுக்கு நீ பேயோட்டுறியா? பேஜாரு பண்ணாத" என்றேன். அவர் மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டார்.

அதற்கு மறுநாள் நான் வேலைக்குப் போன பிறகு, என் தாயார் உச்சி வெயிலில் பழைய இடத்துக்குப் போய், தண்ணீர் உள்வாங்கியிருந்த நேரத்தில் கிணற்றைப் பார்த்து மஞ்சள், குங்குமம், பொரி, ஒரு ரவிக்கைத் துண்டு எல்லாவற்றையும் கடலில் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அன்று சாயங்காலம் கெங்கம்மாவுக்கு ரத்தம் நின்றுவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். டாக்டரம்மா முன்கூட்டியே சொன்னபடி தானாக நின்றது. ஆனால் அடுத்த வாரம் திரும்பவும் வந்தது, திரும்பவும் அவர் கடலுக்குப் போனார், திரும்பவும் நின்றது. அதற்குமேல் அந்த அம்மாளிடம் யார் பேச முடியும்? நான் கேட்டால், "உன் டாக்டரம்மா ஊசியாலயா நின்னுச்சி?" என்று என்னையே மடக்குவார்.

இப்போது சொல்லப்போவதை எழுத வேண்டாம் என்று சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் நினைத்தால் விட்டுவிடலாம். ஆனால் இதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கொஞ்ச நாள் ஆன பிறகு, நான் மத்தியானம் பார்க்கப் போனபோது நர்சம்மா கெங்கம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தார். கட்டிலை விட்டு இறங்கி எங்கே சுற்றிவிட்டு வந்தாய், செத்துப்போக ஆசையா என்று கேட்டார். என்னவென்று பார்த்தேன். உயர்த்தி வைத்த கால்மாட்டுத் துணியில் மணல் கிடந்தது. அவளுடைய உள்ளங்கால் இரண்டிலும் மணல் ஒட்டியிருந்தது. கெங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மேல சத்தியமா, எறங்கல" என்றாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த ரஹீமுன்னிசா என்ற அம்மாளும், அவள் ராவும் பகலும் அசையவே இல்லை, தான் தூங்காமல் கிடந்ததால் தனக்குத் தெரியும் என்று அல்லாமேல் ஆணையாகச் சொன்னார். இவள் நடந்தால் இவளும் போவாள், பிள்ளையும் போகும். ஆகவே நான் அவளை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

ஆஸ்பத்திரி கடலோரத்தில் இருக்கிறது, ஜன்னல் வழியாகக் காற்றில் மணல் வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு ஒரு நாள் அரை நாள் வேலையை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டு உள்ளே போய், ஒரு முக்காலியைப் போட்டுக் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டேன். கெங்கம்மா தூங்கினாள். நான் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. வெளியே துறைமுகத்துச் சங்கு ஊதியபோது ஜன்னல் பக்கம் ஒரு தரம் திரும்பியிருப்பேன், அவ்வளவுதான். அதன் பிறகு பார்த்தால் துணியில் மணல் இருந்தது. தட்டிவிடக் கையை வைத்தேன். ஈரமாக இருந்தது. காற்று ஈரமணலைத் தூக்கிக்கொண்டு வராது என்பது கடலோரத்தில் பிறந்த எனக்குத் தெரியும். பக்கத்துக் கட்டில்களில் ஒரு மணல்கூட இல்லை. அன்று சாயங்காலம் மறுபடியும் ரத்தம் வந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில் என் தாயாரிடம் மணலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "வந்து வந்து போவுது. எடம் காட்டினாத்தான் அடங்கும். நான்தான் பொதச்சேன், நான்தான் கூட்டிகினு போவணும்" என்றார். கிணறு வரைக்கும் போக வேண்டும் என்றார். முழங்கால் தண்ணீரில் நிற்கவே தடுமாறுகிற வயசு அவருக்கு. அந்தக் கிணற்றைச் சுற்றிப் பள்ளம், உள்ளே போனவனை இழுக்கும். நான் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றேன். அதன் பிறகு டாக்டரம்மாவிடம் போய், என் மனைவி இறங்கி நடக்காமல் பார்த்துக்கொள்ள என் தாயார் பகலில் கூட இருக்கட்டும் என்று கெஞ்சி உத்தரவு வாங்கினேன். மனைவிக்குக் காவல் என்று அங்கே சொன்னேன். உண்மையில் தாயாருக்கும் அதுதான் காவல் என்று நினைத்தேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று சந்தோஷப்பட்டேன்.

அதன் பிறகு என் தாயார் தினமும் கால்மாட்டில் உட்கார்ந்து, கெங்கம்மாவின் இரண்டு பாதங்களையும் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். சாப்பிடக்கூட ஒரு கையைத்தான் எடுப்பார். "அத்தே, கொஞ்சம் உடு, கூசுது" என்று கெங்கம்மா சொன்னாலும் விடமாட்டார். அந்த நாட்களில் மணலும் வரவில்லை, ரத்தமும் வரவில்லை. டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தை நன்றாக வளர்ந்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் தாங்கினால் போதும் என்றார். என் கூட்டத்தில் வேலை செய்கிற ஜஹாங்கீர் ரத்தம் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தான்; அவன் ரத்தம் ஒத்துப்போகிறது என்றும் பார்த்து வைத்திருந்தார்கள். என் ரத்தமும் ஒத்துப்போனது. எங்கள் வீட்டில் மறுபடி ஒரு தொட்டில் கட்டப்போகிறோம் என்று நான் நம்ப ஆரம்பித்தது அப்போதுதான்.

சென்ற வெள்ளிக்கிழமை பகலில் துறைமுகத்துக்கு ஆள் வந்து, ஆஸ்பத்திரிக்கு உடனே வரச் சொன்னதாகச் சொன்னான். நானும் ஜஹாங்கீரும் கொக்கியைப் போட்டது போட்டபடி ஓடினோம். போய்ப் பார்த்தால் கட்டிலில் கெங்கம்மா இல்லை. படுக்கையில் இருந்த ரத்தத்தைப் பார்த்து ஜஹாங்கீர் என் கண்ணை மூடினான். அறுவை அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என் தாயார் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கை வரை ரத்தமாக இருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். "வுடாமத்தான் புடிச்சிகினு இருந்தேன் நைனா. நான் புடிச்சிகினு இருக்கும்போதே வந்துருச்சி" என்றார். எனக்குப் பேச நேரம் இல்லை. கையெழுத்து வாங்கினார்கள், போட்டேன். ரத்தம் எடுக்கக் கூப்பிட்டார்கள், போனேன். அவரைப் பார்த்து, "எம்மா, இங்கயே இரு, எங்கயும் போவாதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். இதற்கு ஜஹாங்கீர் சாட்சி. முதலில் என்னிடமும், அடுத்து அவனிடமும் ரத்தம் எடுத்தார்கள்.

நான் எழுந்து வெளியே வந்தபோது பெஞ்சில் என் தாயார் இல்லை. தேடப் புறப்பட்டேன். அதற்குள் கதவு திறந்து, ஆண் குழந்தை, உயிரோடு இருக்கிறது, தாய்க்கு இன்னும் ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கிறோம், ஒன்றும் சொல்ல முடியாது, இங்கேயே நில் என்றார்கள். நான் நின்றுவிட்டேன். தாயாரைத் தேடப் போகாமல் நின்றாயே என்று கேட்டால், ஆமாம், நின்றேன். கெங்கம்மா கண் திறந்தாள், இனி பயம் இல்லை என்று டாக்டரம்மா வந்து சொன்ன பிறகுதான், கையில் வைத்த பஞ்சோடு கடற்கரைக்கு ஓடினேன்.

பழைய இடத்தில் வரதன் என்கிற வலைக்காரர் நனைந்த வேட்டியோடு படகு நிழலில் உட்கார்ந்திருந்தார். அவர் எங்களுக்கு அந்தக் காலத்து அண்டை வீட்டுக்காரர். என் தாயாரைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, நல்ல வெயிலில், தண்ணீர் உள்வாங்கியிருந்தபோது, கையில் ஒரு புதுச் சட்டியோடு கிணற்றைப் பார்த்து நடந்துபோனதாகச் சொன்னார். வலை பின்னிக்கொண்டிருந்த தான் சத்தம் போட்டதாகவும், "புள்ளயக் கூட்டிகினு போறேன் வரதா, நீ உன் வேலையப் பாரு" என்று என் தாயார் திரும்பிப் பார்க்காமல் சொன்னதாகவும் சொன்னார். எந்தப் பிள்ளை, யாரும் கூட இல்லையே என்று நான் கேட்டேன். அதற்கு வரதன், சட்டி இடது கையில் இருந்தது, வலது கையைத் தாழ்வாக நீட்டி, நாலு வயசுக் குழந்தை ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறவர் போல, அதன் நடைக்குத் தகுந்தபடி மெதுவாக நடந்தார் என்று சொன்னார். அலை வந்தபோது குனிந்து எதையோ இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டதாகவும் சொன்னார். வரதன் எழுந்து தண்ணீரில் இறங்குவதற்குள் அவர் கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாராம்; படகைத் தள்ளிக்கொண்டு போய்த் தேடியும் ஆள் அகப்படவில்லையாம். பூங்காவனம் இருந்திருந்தால் இப்போது அவளுக்கு வயசு நாலு. நான் அதை வரதனிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை திருவொற்றியூர்ப் பக்கம் என் தாயாரின் உடல் ஒதுங்கியதும், போலீசார் வந்ததும், நான் அடையாளம் காட்டியதும் சப்-இன்ஸ்பெக்டர் அவர்களுக்கே தெரியும். சட்டி கிடைக்கவில்லை. அவருடைய வலது இடுப்புப் பக்கம் சேலை முழுக்க மணல் அப்பியிருந்தது, இடது பக்கம் இல்லை. கடலில் கிடந்த உடம்பில் அப்படித்தான் இருக்கும் என்று கான்ஸ்டபிள் சொன்னார். அவருக்குத் தெரிந்திருக்கும்.

காவு கொடுத்தாயா என்று கேட்டதற்கு, நான் கொடுக்கவில்லை. அவர் போகக்கூடாது என்றுதான் என்னால் ஆனதைச் செய்தேன். என் மனைவி பிழைத்தது டாக்டரம்மாவின் கத்தியாலும், என் ரத்தத்தாலும், ஜஹாங்கீர் ரத்தத்தாலும்தான். இதை நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். என் தாயார் தண்ணீரில் இறங்கிய நேரமும் ஆஸ்பத்திரியில் கெங்கம்மாவுக்கு ரத்தம் நின்ற நேரமும் ஒன்றுதானா என்று சந்தில் எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்கவும் மாட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. உடலை அடக்கம் செய்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கே வேலை செய்கிற ஆயாம்மா பீங்கான் பூசிய மூடித் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து, "உங்க ஆளுங்க கேட்டு வாங்கிகினு போவீங்களேன்னு எடுத்து வெச்சேன். எங்கயாவது நல்ல எடமாப் பாத்துப் பொதச்சுடு" என்றார். இந்தப் பிள்ளையின் நஞ்சு. நான் வாங்கவில்லை. பின்கட்டில் இருக்கிற அடுப்பில் போட்டு எரிக்கச் சொன்னேன். அது பாவம் என்று ஆயாம்மா சொன்னார். பாவம் என்னோடு போகட்டும், இனிமேல் எதுவும் தோண்டி எடுக்க முடியாதபடி எரித்துவிடுங்கள் என்றேன். முழுக்க எரிந்து முடிகிற வரைக்கும் அங்கேயே நின்று பார்த்தேன்.

அதன் பிறகு கெங்கம்மாவைப் பார்க்கப் போனேன். கட்டிலுக்கு வைத்திருந்த கட்டைகளை எடுத்துவிட்டிருந்தார்கள். பிள்ளை அவள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. என் தாயார் போன சேதி ரஹீமுன்னிசா அம்மாள் மூலமாக அவளுக்குத் தெரிந்திருந்தது. நஞ்சை எங்கே புதைத்தாய் என்று கேட்டாள். எரித்துவிட்டேன், இனிமேல் வாசலில் வந்து உட்கார எதுவும் இல்லை, நீ பயப்படாதே என்று சொன்னேன். இத்தனை வாரமும், ரத்தம் கொட்டினபோதும், தலைகீழாகப் படுக்க வைத்தபோதும் அழாதவள் அப்போது அழுதாள். "எனுக்கு இன்னாத்துக்குப் பயம்? என் பொண்ணு வந்து தெனமும் என் காலாண்ட படுத்துகினு இருந்துச்சி. அதைப் போயி எல்லாருமா சேந்து தொறத்தினீங்களே" என்றாள்.

என் தாயார் சாவில் யார்மேலும் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் வாயால் சொன்னதை சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் எழுதி எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. நான் கண்ணால் கண்டதைக் கண்டதாகவும், காதால் கேட்டதைக் கேட்டதாகவும் சொல்லியிருக்கிறேன், எதையும் கூட்டவோ மறைக்கவோ இல்லை என்று ஒப்புக்கொண்டு இதன் அடியில் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) கோ. பரசுராமன்